பதினேழாம் வரி

ஜனவரி 8, வியாழன்

மறந்துவிட்டேன் என்று சொன்னால் போதும். அதற்கு மேல் யாரும் கேட்கப்போவதில்லை. இருபத்துநான்கு பேர் கொண்ட பட்டியல். பிற்பகல் மூன்று மணி. தகரக் கூரையின் கீழ் கண் சொருகும் நேரம். ஒரு வரி விட்டுப்போவது நடக்காத காரியமா.

நடந்ததை மட்டும் எழுதிவைக்கிறேன்.

வெல்டர்களின் தகுதி ரெஜிஸ்டர் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வெல்டருக்கும் ஒரு வரி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இவர் இந்த வேலையை விடாமல் செய்துவருகிறார் என்று வெல்டிங் எஞ்சினியர் கையெழுத்திட வேண்டும். ஆறு மாதம் தாண்டி ஒரு நாள் ஆனாலும் அவருடைய தகுதி செத்துவிடும். பிறகு முதலிலிருந்து டெஸ்ட்: குழாயை வெல்ட் செய்து, எக்ஸ்ரே எடுத்து, வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் பார்த்து. கை அப்படியேதான் இருக்கும். சாவது தாள் மட்டும்.

துவாக்குடி எஸ்டேட்டில் கொதிகலன் பாகங்கள் செய்யும் இந்தக் கம்பெனியில் அந்தக் கையெழுத்து என்னுடையது. இரண்டரை வருடமாக.

இன்று ஒன்று முதல் பதினாறு வரை போட்டேன். பதினெட்டு முதல் இருபத்துநான்கு வரை போட்டேன். பதினேழு, அமலோற்பவம். எங்களுக்கு அமலா. கடைசியாக அவள் வரியில் நான் கையெழுத்திட்டது ஜூலை 24. ஆகவே வரும் 24 வரை உயிர் இருக்கிறது.

மதியம் சாப்பிடும்போது அமலா சொன்னாள்:

“மேடம், ஒண்ணு சொல்வேன். சிரிக்கக்கூடாது.”

“சொல்லுங்கக்கா.”

“கொரியாவுக்கு செலக்ட் ஆயிட்டேன்.”

கப்பல் கட்டும் தளம். மூன்று வருடம். பிப்ரவரி 20க்குள் ஏஜெண்டிடம் ரெஜிஸ்டர் பக்கத்தின் நகல் போய்ச் சேர வேண்டும். நடப்புக் கையெழுத்தோடு.

“இதுல சிரிக்க என்ன இருக்கு?”

“எனக்கே சிரிப்பு வருதே. ஸ்ரீரங்கம் போறதுக்கே ரெண்டு பஸ் மாறணுமான்னு யோசிக்கிற ஆளு நான்.”

இரண்டரை மணிக்கு ஜி.எம். தட்சிணாமூர்த்தி கூப்பிட்டார். அவருக்கு விஷயம் எட்டியிருந்தது.

“கண்ணாடி ஜாயிண்ட் போட நம்மகிட்ட எத்தன பேரு, மதி?”

“ஒருத்தர் சார்.”

“மார்ச் கடைசிக்குள்ள எத்தன ஜாயிண்ட்?”

“நானூத்தி இருபது.”

தலையாட்டினார். மேசைக் காலண்டரை நேராக வைத்தார்.

“ரெஜிஸ்டர் உங்ககிட்டதானே இருக்கு?”

“ஆமா சார்.”

“சரி. போய் வேலையப் பாருங்க.”

அவ்வளவுதான் பேச்சு. அவர் எதையும் சொல்லவில்லை.

ஜனவரி 9

பதினைந்து நாள் இருக்கிறது. ரெஜிஸ்டர் இழுப்பறையில்.

ஜனவரி 12, திங்கள்

கண்ணாடி ஜாயிண்ட் என்றால் என்ன என்று அம்மா ஒருமுறை கேட்டாள். கண்ணாடியை ஒட்டுவது என்று நினைத்திருந்தாள்.

கொதிகலன் பேனலில் குழாய்கள் நெருக்கமாக நிற்கும். நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளி. குழாயின் முன்பக்கம் கண்ணுக்குத் தெரியும். பின்பக்கம் தெரியாது. அங்கே தலையை நுழைக்கவும் முடியாது. பின்னால் ஒரு சிறிய முகம் பார்க்கும் கண்ணாடியைக் காந்தத்தில் ஒட்டி நிறுத்தி, அதில் தெரிவதைப் பார்த்துக்கொண்டே வெல்ட் செய்ய வேண்டும். கண்ணாடியில் முன்னால் போவது பின்னால் வரும். கை ஒன்று செய்யும், கண் வேறொன்று சொல்லும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் செய்துபார்த்தேன். நான்கு நொடி. வெல்டிங் டார்ச்சின் முனை உருகிய உலோகத்தில் போய் மாட்டிக்கொண்டது. மூன்றாம் பிரிவு முழுக்கச் சிரித்தது. அமலா மட்டும் முனையைத் தீட்டிக் கொடுத்தபடி சொன்னாள்:

“யோசிக்கிறீங்க மேடம். யோசிச்சா மாட்டிக்கும்.”

“நீங்க யோசிக்கிறதே இல்லையா?”

“கண்ணாடிக்குள்ள இருக்கறவள செய்ய விட்டுர்றது. நான் சும்மா கையப் புடிச்சுக்குவேன்.”

முதுகலையில் நான் படித்த எந்தப் பாடத்திலும் இந்த வாக்கியம் இல்லை.

அன்று கண்ணாடி ஜாயிண்ட் போட நால்வர் இருந்தார்கள். ஒருவர் குவைத். ஒருவர் கத்தார். ஒருவருக்குக் கண்புரை. இப்போது அமலா.

செப்டம்பரிலிருந்து பன்னிரண்டு பெண்களை எடுத்துப் பயிற்சி தரலாம் என்று ஒரு திட்டம் எழுதி வைத்திருக்கிறேன். பதினான்கு பக்கம். ஒன்பதாம் பக்கத்தில் ‘பயிற்றுநர்: அமலோற்பவம்’ என்று இருக்கிறது. அவளிடம் இன்னும் கேட்கவில்லை.

இன்று சாப்பாட்டில் அவள் மீன் குழம்பு கொண்டுவந்திருந்தாள். முள் எடுத்த துண்டுகளை என் பக்கம் தள்ளினாள். இந்தக் கம்பெனியில் நான் உட்கார்ந்து சாப்பிடும் ஒரே மேசை அது. இதற்கும் மேலே எழுதியதற்கும் சம்பந்தம் இல்லை.

ஜனவரி 16, வெள்ளி

முசிறி. மாட்டுப் பொங்கல். நான்கு நாள் விடுமுறை.

வகுப்பு வாட்ஸப் குழுவில் வாழ்த்துகள். பாதிப் படங்களில் பனி. இருபத்திரண்டு பேரில் பதினேழு பேர் வெளிநாட்டில். ஒருத்தி பால்கனியில் மின்சார அடுப்பில் பொங்கல் வைத்து, நெருப்பு எச்சரிக்கை மணி அடித்து, கட்டடமே கீழே இறங்கிவிட்டதாம்.

சித்தி கேட்டாள்: “நீ ஏண்டி போகல?”

“புடிக்கல சித்தி.”

வழக்கமான பதில். நெதர்லாந்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். எல்லாத் தாள்களும் போயிருந்தன, பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் ஒன்றைத் தவிர. கடைசித் தேதிக்கு மறுநாள் அறைக்குக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். “மறந்தே போச்சும்மா, வயசாகுது பாரு” என்றார். அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு. “அதனால என்ன, என் புராஜெக்ட்லயே இரு. உன்னை மாதிரி ஆள் எனக்கு எங்க கிடைக்கும்” என்றார்.

எட்டு மாதம் இருந்தேன். நல்ல மனிதர். மறந்திருப்பார்.

மாட்டுக்குக் கொம்பில் பூசிய நீலம் என் சுடிதாரில் ஒட்டிவிட்டது. எலுமிச்சை தேய்த்தும் போகவில்லை.

ஜனவரி 19, திங்கள்

சென்னையில் ஒரு கருத்தரங்கு. பிப்ரவரி 6. தொழில் கூட்டமைப்பு நடத்துகிறது. ‘நாளைய இந்தியாவுக்கான திறன்மிகு பணியாளர்கள்: உருவாக்கலும் தக்கவைத்தலும்.’ எங்கள் கம்பெனிக்கு இருபது நிமிடம். நான் பேச வேண்டும் என்று ஜி.எம். சொல்கிறார்.

“நீங்கதான் சரி. இளைஞர், பெண், திருச்சி. மூணும் அவங்களுக்கு வேணும்.”

மனிதவளப் பிரிவிலிருந்து எண்கள் வாங்கினேன். கடந்த ஓராண்டில் அறுபத்தொரு பேரில் ஒருவர்கூட வேலையை விடவில்லை. தக்கவைப்பு நூறு சதவீதம். பெரிய எழுத்தில் ஒரு ஸ்லைடு செய்தேன். பச்சை நிறம்.

நூறு என்பது பார்க்க நன்றாக இருக்கிறது.

அமலா பாஸ்போர்ட் படத்தைக் காட்டினாள். காதை மறைக்கக்கூடாது என்று நான்கு தடவை எடுத்தார்களாம். “கொலகாரி மாதிரி இருக்கேன். இதப் பார்த்துமா வேலைக்கு எடுத்தான்?”

“மூணு வருஷம் கழிச்சு வந்துருவீங்களா?”

“வந்துருவேன்னுதான் சொல்றேன். போனவங்க எல்லாம் அப்படித்தான் மேடம் சொன்னாங்க.”

ஜனவரி 22

இன்று அவள் போட்டது எட்டு ஜாயிண்ட். எட்டும் சுத்தம்.

ஜனவரி 24, சனி

ஐந்தரைக்கு வேலை முடிந்தது. மேசையைத் துடைத்தேன். இழுப்பறையைப் பூட்டினேன். திருவெறும்பூரில் இறங்கித் தக்காளி, சோப்பு, மெழுகுவத்தி. அறைக்கு வந்து தலைக்குக் குளித்தேன். துணி ஊறவைத்தேன்.

இன்று வேறொன்றும் இல்லை.

ஜனவரி 27, செவ்வாய்

காலை பத்து மணிக்கு அமலா அலுவலகத்துக்கு வந்தாள். கையுறையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு.

“மேடம், அந்த ரெஜிஸ்டர் காப்பி. ஏஜெண்ட் ரெண்டு தடவ போன் பண்ணிட்டாரு.”

ரெஜிஸ்டரை எடுத்தேன். திறந்தேன். பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

“அய்யோ அக்கா. உங்க லைன விட்டிருக்கேன். மறந்தே போச்சு.”

இந்தக் குரலை எங்கே கேட்டேன் என்று தோன்றியது. அப்புறம் விட்டுவிட்டேன்.

அமலா குனிந்து பக்கத்தைப் பார்த்தாள். மேலிருந்து கீழே விரலை வைத்துக்கொண்டு போனாள். பதினேழில் நின்றது. அதற்கு மேலும் கீழும் என் கையெழுத்து, ஒரே நீல மை, ஒரே தேதி.

“என்ன செய்யணும் மேடம் இப்ப?”

“திரும்ப டெஸ்ட் வைக்கணும். ஆய்வாளர் ஆறாம் தேதி வர்றாரு.”

“அதுல பாஸானா இருபதுக்குள்ள தாள் வருமா?”

“வரும். பாஸாகலைன்னா அவரோட அடுத்த வருகை மார்ச்.”

“சரி மேடம்.”

கையுறையைப் போட்டுக்கொண்டு பேனலுக்குப் போய்விட்டாள். கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

ஜனவரி 28, புதன்

மாலை நான்கு மணிக்குத்தான் உறைத்தது. அப்படி எழுதுகிறேன், நான்கு மணிக்குத்தான்.

தகுதி செத்த வெல்டர் பேனலில் கை வைக்கக்கூடாது. இந்த விதியை வருடத்துக்கு இரண்டு முறை மற்றவர்களுக்கு வகுப்பெடுப்பவள் நான். நேற்று ஏழு ஜாயிண்ட். இன்று ஆறு. பதிமூன்று ஜாயிண்டுகளைத் தாளின்படி யாரோ ஒரு தகுதியற்ற ஆள் போட்டிருக்கிறாள்.

மூன்றாம் பிரிவுக்குப் போனேன். அவள் கண்ணாடியை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நிறுத்துங்க.”

முகமூடியைத் தூக்கினாள். எதற்கு என்று கேட்கவில்லை. டார்ச்சைக் கொக்கியில் மாட்டினாள்.

பேனல் நிற்கிறது. எதைத் தடுப்பதற்காகச் செய்ததாக நினைத்தேனோ அது நடந்துவிட்டது. யார் செய்ததாக என்று எழுதவில்லை.

ஜனவரி 29, வியாழன்

ஜி.எம். அறை. நானும் அமலாவும்.

“இதுல என்ன பெரிய விஷயம்?” என்றார். “ரெஜிஸ்டர்ல ஜனவரி எட்டுன்னு தேதி போட்டு இப்ப கையெழுத்துப் போடுங்க. அவங்க அன்னிக்கு வேலை செஞ்சது உண்மைதானே? பொய் ஒண்ணும் இல்லையே?”

உண்மைதான். அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. பதிமூன்று ஜாயிண்டும் பிழைக்கும். பேனல் ஓடும். அமலாவுக்குத் தாள் நாளைக்கே. என் தவறும் இல்லாமல் போகும். பேனாவை எடுத்தேன் என்பதையும் எழுத வேண்டும். மூடியைக் கழற்றிவிட்டேன்.

“வேண்டாம் சார்” என்றாள் அமலா.

“உங்களுக்காகத்தாம்மா சொல்றேன்.”

“தெரியுது சார். ஆனா அங்க போய் எவனாவது இந்தத் தாள காட்டி, எட்டாம் தேதி போட்டதான்னு கேட்டா நான் தலைய ஆட்டணும். என் ஜாயிண்ட்ல ஒண்ணு மறைச்சு வெச்சதில்ல. தாள்ல எதுக்கு. டெஸ்ட் வைங்க.”

“ஃபெயிலானா?”

“ஃபெயிலானா இங்கதான் இருப்பேன். உங்களுக்கு லாபந்தானே சார்.”

ஜி.எம். சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நான் உங்களக் கையெழுத்துப் போடாதீங்கன்னு சொன்னேனாம்மா?”

“இல்ல சார்.”

சொல்லவில்லை. அது சரிதான்.

பேனா மூடியை எங்கோ தொலைத்துவிட்டேன்.

பிப்ரவரி 2

டெஸ்ட் வரை அமலாவுக்கு வேலை கிடையாது. ஆனால் வர வேண்டும். வராவிட்டால் அந்த நாள் சம்பளம் அவளுக்கு இல்லை. ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பழைய கம்பிகளைப் பிரித்து அடுக்குகிறாள்.

இன்று சாப்பாட்டு மேசைக்கு அவள் வரவில்லை. ஸ்டூலிலேயே சாப்பிட்டாள். நான் தயிர்சாதத்தைப் பாதியில் மூடினேன்.

பிப்ரவரி 4, புதன்

டெஸ்ட்டுக்கான தாள்களைத் தயார் செய்தேன். அடையாளச் சான்றுக்கு கேட் பாஸின் நகல் வேண்டும். அமலா கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள்.

பெயர்: அமலோற்பவம். ஒப்பந்தம். பணி: ஹெல்பர்.

“இது என்னக்கா?”

“கேட் பாஸ் மேடம்.”

“ஹெல்பர்னு இருக்கு.”

“ஏழு வருஷமா அப்படித்தான் இருக்கு.”

“நீங்க சொன்னதே இல்லையே.”

“கழுத்துலதான மாட்டிருக்கேன்.”

இரண்டரை வருடம் தினமும் அந்த அட்டையை எதிரே வைத்துச் சாப்பிட்டிருக்கிறேன். படித்ததில்லை.

மனிதவளப் பிரிவுக்குப் போய் அந்த அறுபத்தொரு பேரின் பட்டியலைக் கேட்டேன். நிரந்தரப் பணியாளர்கள் மட்டும். ரெஜிஸ்டரோடு ஒப்பிட்டேன். இருபத்துநான்கு வெல்டர்களில் பன்னிரண்டு பேர் அந்த அறுபத்தொன்றில் இல்லை. அவர்கள் எல்லோரும் ஹெல்பர். வாடிக்கையாளர் கேட்பதால் ரெஜிஸ்டரில் வெல்டர். கேட்டில் நுழையும்போது ஹெல்பர்.

அப்படியானால் அமலா கொரியா போனாலும் நூறு நூறாகவே இருக்கும். போகாவிட்டாலும் நூறுதான்.

ஸ்லைடைத் திறந்து நெடுநேரம் பார்த்தேன். பச்சை கொஞ்சம் தூக்கல்.

பிப்ரவரி 5, வியாழன்

டெஸ்ட்டும் கருத்தரங்கும் ஒரே நாள். டெஸ்ட்டின்போது வெல்டிங் எஞ்சினியர் பக்கத்தில் நிற்க வேண்டும். வேறு எஞ்சினியர் இல்லை.

ஜி.எம்.மிடம் சொன்னேன், சென்னைக்கு வரவில்லை என்று. அந்த ஸ்லைடை எடுத்துவிடலாம் என்றும் சொன்னேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

“எல்லாருமே நிரந்தரத்ததான் கணக்குல காட்டுவாங்க, மதி. அதுல நாம மட்டும் எதுக்கு வித்தியாசமா?”

அவரே போகிறார்.

பிப்ரவரி 6, வெள்ளி

ஆய்வாளர் ஹபிபுல்லா சார் ஒன்பதரைக்கு வந்தார். அறுபது வயது இருக்கும். பழைய ஸ்கூட்டர். சட்டைப் பையில் சொந்த டார்ச்லைட், சொந்தப் பூதக்கண்ணாடி. கம்பெனிகள் கொடுப்பதை அவர் தொடுவதில்லை.

ரெஜிஸ்டரைப் புரட்டினார்.

“எஞ்சினியரம்மா, இந்தப் பொண்ணு வேலை செஞ்சுக்கிட்டேதானே இருந்துச்சு? தாளு எப்படி செத்துச்சு?”

“நான் கையெழுத்துப் போடல சார்.”

“அது தெரியுது. ஏன்னு கேட்டேன்.”

அமலா அந்தப் பக்கம் குழாயைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உப்புத்தாளின் சத்தம் நின்றது.

“தப்பு என்னோடது சார்.”

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு முறை பார்த்தார். பிறகு வேறு பக்கம் புரட்டினார்.

இரண்டு குழாய். பேனலில் இருப்பதுபோலவே இருபுறமும் குழாய்களை நிறுத்தி நெருக்கிவைத்தோம். அமலா கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தாள். அவள் எப்போதும் வைத்துக்கொள்ளும் கண்ணாடி. ஒரு மூலை முன்பே உடைந்திருந்தது. சிலுவை போட்டுக்கொண்டாள். முகமூடி இறங்கியது.

அவள் வேலை செய்வதைப் பார்க்க ஒன்றும் இருக்காது. தோள் அசையாது. மணிக்கட்டு மட்டும், கடிகார முள்போல, பார்க்கும்போது நகராமல் பிறகு நகர்ந்திருக்கும். ஒரு வாரம் கம்பி பிரித்த கை. முதல் நிமிடத்தில் ஒருமுறை நின்றாள். கையை உதறினாள். மறுபடி தொடங்கினாள்.

பதினொன்று பத்துக்கு என் கைப்பேசி அதிர்ந்தது. ஜி.எம். படம் அனுப்பியிருந்தார். மேடை. பூங்கொத்து. அவருக்குப் பின்னால் திரையில் என் பச்சை நூறு. கீழே: ‘நல்ல வரவேற்பு. உங்கள் ஸ்லைடுக்குத்தான் அதிக கைதட்டல்.’

கைப்பேசியைத் திருப்பி வைத்தேன்.

அமலா முகமூடியைத் தூக்கினாள். முகமெல்லாம் வேர்வை.

“முடிஞ்சுது சார்.”

ஹபிபுல்லா சார் குனிந்து டார்ச்லைட் அடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “வெளியே அழகா இருக்கு. உள்ளே என்ன இருக்குன்னு எக்ஸ்ரே ஃபிலிம் சொல்லட்டும்” என்றார். பிறகு அமலாவிடம், “எத்தன வருஷமாம்மா வெல்டரா இருக்கே?”

அமலா என்னைப் பார்த்தாள்.

“ஏழு வருஷம்” என்றேன் நான்.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஃபிலிம் வந்தது. அந்தப் பதிமூன்று ஜாயிண்டுகளுக்கும் சேர்த்து. பதிமூன்றும் சுத்தம்.

டெஸ்ட் குழாயின் முதல் ஃபிலிமும் சுத்தம். இரண்டாவதை விளக்குப் பெட்டியில் நான்தான் முதலில் வைத்தேன். நடுவில் ஒரு கரும்புள்ளி. மிளகைவிடச் சிறியது. கடுகைவிடவும் சிறியது.

அந்தப் புள்ளியைத் தேவைக்கு அதிகமான நேரம் பார்த்தேன். அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதை எழுத வேண்டியதில்லை.

ஹபிபுல்லா சார் பூதக்கண்ணாடியை வைத்தார். அளவுகோலை வைத்தார். மூச்சுக்கூட விடவில்லை.

“காத்துக் குமிழி. அளவுக்குள்ளதான் இருக்கு” என்றார். “பாஸ்.”

முத்திரை குத்தினார். ரெஜிஸ்டரில் பதினேழாம் வரிக்குப் புதிய தேதி. அதன் பக்கத்தில் நான் கையெழுத்திட்டேன்.

பிப்ரவரி 11, புதன்

ஜி.எம். அமலாவைக் கூப்பிட்டு நிரந்தரம் தருவதாகச் சொன்னார். ஏப்ரல் முதல். நானும் இருந்தேன். கடிதமே தயாராக இருந்தது. பணி: வெல்டர்.

அமலா கடிதத்தைக் கையில் வாங்கி முழுக்கப் படித்தாள். நன்றாக மடித்துத் திரும்ப மேசையில் வைத்தாள்.

“ஏழு வருஷமா இத ஒரு தடவ பாத்துறணும்னு இருந்துச்சு சார். பாத்துட்டேன்.”

“அப்ப?”

“கொரியாக்காரன் என் மூஞ்சிகூடப் பார்க்கல. ஜாயிண்ட் படத்தப் பார்த்துட்டு மொத மெயில்லயே வெல்டர்னு போட்டுட்டான். இப்ப இதுக்காக நின்னா, நான் போறேன்னதாலதான் கெடச்சுதுன்னு தினமும் தோணும் சார்.”

ஜி.எம். கடிதத்தை எடுத்து இழுப்பறையில் போட்டார். வெளியே வந்ததும், “நல்ல பொண்ணு. மூணு வருஷம் முன்னாடியே போட்டிருக்கலாம்” என்றார், என்னிடமா சுவரிடமா என்று தெரியாமல்.

பிப்ரவரி 12, வியாழன்

நகலை உறையில் போட்டு அமலாவிடம் கொடுத்தேன். அவள் சாப்பாட்டு மேசைக்கு வந்திருந்தாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு.

“அக்கா, ஒண்ணு சொல்லணும்.”

“சிரிக்கக்கூடாதா?”

“நான் மறக்கல. வேணும்னேதான் போடல.”

அவள் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். மூடி இறுக்கமாக இருந்தது. மேசை விளிம்பில் தட்டித் திறந்தாள்.

“தெரியும் மேடம்.”

“எப்ப?”

“அன்னிக்கே. பதினாறுக்கும் போட்டு பதினெட்டுக்கும் போட்டவங்களுக்கு நடுவுல ஒண்ணு மட்டும் மறக்குமா? கடைசி லைனா இருந்தா நம்பியிருப்பேன்.”

“ஏன் கேக்கல?”

“நீங்களா சொல்வீங்களான்னு பார்த்தேன்.” கொஞ்சம் யோசித்துச் சொன்னாள்: “கேட்டா நீங்க ஜி.எம். பேரச் சொல்வீங்க. அப்புறம் உங்ககூட உக்காந்து சாப்பிட முடியாது.”

முருங்கைக்காய் சாம்பார். இரண்டு துண்டை என் டப்பாவில் வைத்தாள்.

“ஒரு லைன்தான மேடம். நாலு நாள் வெறுப்பா இருந்துச்சு. அப்புறம் டெஸ்ட் பயம் வந்துருச்சு, அதுல வெறுப்பு போயிருச்சு.”

சாப்பிட்டோம். பிறகு அலுவலகத்துக்கு வந்து ரெஜிஸ்டரின் குறிப்புப் பக்கத்தில் எழுதினேன்: ‘வரிசை எண் 17. இவர் ஜூலை 24 முதல் இடைவிடாமல் வேலை செய்துள்ளார். ஜனவரி 8 அன்று கையெழுத்திடாமல் விட்டது நான், தெரிந்தே.’ இன்றைய தேதி. பெயர் முழுவதும்: நிறைமதி.

மார்ச்சில் தணிக்கை வரும்போது அதைப் படிப்பார்கள்.

பிப்ரவரி 13, வெள்ளி

மீதிப் பதினொரு பேரின் கேட் பாஸ் நகல்களையும் தகுதிச் சான்றுகளையும் இரண்டு இரண்டாகப் பின் அடித்தேன். இடப்பக்கம் ஹெல்பர், வலப்பக்கம் வெல்டர். ஜி.எம். மேசையில் வைத்தேன்.

“என்ன மதி, இதுவும் கருத்தரங்குக்கா?”

“இல்ல சார். அடுத்து போகப்போறவங்க லிஸ்ட்.”

அவர் முதல் தாளைப் புரட்டினார். இரண்டாவதை. உட்காருங்கள் என்று கையைக் காட்டினார்.

பிப்ரவரி 25

நான்கு பேருக்கு அட்டை மாறியது. ஏழு பேருக்கு ‘பார்க்கலாம்.’

மாறியவர்களில் இருவர், சுபாஷினியும் மரிய தெரசும், தாங்களாக வந்து கண்ணாடி ஜாயிண்ட் பழகலாமா என்று கேட்டார்கள். இதற்கு முன்பு ஏன் கேட்கவில்லை என்றேன். “ஹெல்பருக்கு எதுக்கு மேடம் கண்ணாடி” என்றாள் சுபாஷினி.

மாலை ஒரு மணி நேரம் பழகுகிறார்கள். இருவருக்கும் முனை மாட்டிக்கொள்கிறது. என் அளவில் சிறிது முன்னேற்றம்: பதினொரு நொடி.

பயிற்சித் திட்டத்தின் ஒன்பதாம் பக்கத்தை அடித்துத் திரும்ப எழுதினேன். ‘பயிற்றுநர்’ என்ற இடம் காலியாக இருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

அமலாவின் கடைசி நாள். எண்பத்தெட்டு ஜாயிண்ட் பாக்கி. வாடிக்கையாளர் மூன்று வாரம் நீட்டிப்புக் கொடுத்திருக்கிறார். மரிய தெரசு சனிக்கிழமையன்று தன் முதல் முழு ஜாயிண்டைப் போட்டாள். ஃபிலிம் சுமார். பழுது பார்க்க வேண்டும். ஆனால் ஜாயிண்ட்.

நான்கு மணிக்கு அமலா வந்தாள். கையில் அந்த மூலை உடைந்த கண்ணாடி.

“மேடம், இது கம்பெனியோடது. எடுத்துட்டுப் போகட்டுமா? பழகிப்போச்சு.”

“கொரியாவுல கண்ணாடி இருக்காதாக்கா?”

“இருக்கும். அதுல இருக்கறவ எப்படிப்பட்டவளோ.”

கேட்டைத் தாண்டி எந்தப் பொருள் போனாலும் அதற்கு ஒரு சீட்டு வேண்டும். எஞ்சினியர் கையெழுத்து. புத்தகத்தை எடுத்தேன். பொருள்: கண்ணாடி, ஒன்று. நிலை: பழையது. அதற்குக் கீழே இரண்டு கட்டம். ‘திரும்பி வருவது.’ ‘திரும்பி வராதது.’ ஏதாவது ஒன்றில் குறியிட வேண்டும்.

முதல் கட்டத்தின் மேல் பேனா நின்றது. அதில் குறியிட்டால் அவள் பெயருக்கு எதிரே அது பாக்கியாக நிற்கும். ஒவ்வொரு மாதமும் ஸ்டோரிலிருந்து கேட்பார்கள்.

அமலா ஜன்னல் வழியாகப் பேனலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘திரும்பி வராதது’ என்பதில் குறியிட்டேன். கையெழுத்திட்டேன். சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன். அவள் அதைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

“வரேன் மேடம்.”

“சரிக்கா.”

காவலாளி சீட்டைப் பார்த்தார், பையைப் பார்த்தார், விட்டார்.

நான் ஸ்டோருக்குப் போய், புதிய கண்ணாடி இரண்டு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.